செலின் சொல்லாத கருத்து

போன மாதம் பாதுகாப்பு வாரத்துக்காக எங்கள் பழைய மின்துறை செக்‌ஷன் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. புதிதாகச் சேர்ந்த வயர்மேன்கள் பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஹெல்மெட்டில் இப்போது ஒரு சின்னக் கருவி இருக்கிறது. லைனில் மின்சாரம் இருந்தால், பக்கத்தில் போகும்போதே கீச்சென்று கத்திவிடுகிறது. அதைப் போட்டுக் காட்டினார்கள். அப்போது ஒருவர் கேட்டார்:

"அண்ணா, உங்க சர்வீஸ்லயே பெரிய ஷாக்குன்னா இன்னாண்ணா? எத்தினி வோல்ட்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். மழையில் கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியைத் தொட்டு வரப்பில் போய் விழுந்த பழைய கதையொன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அது பொய்யான பதில். வீட்டுக்கு வந்தும் மனம் அடங்கவில்லை. எனக்கு விழுந்த பெரிய ஷாக் கம்பத்தில் விழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு பெண்ணின் வாயிலிருந்து விழுந்தது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் மரியதாஸ். ஊர் ஒதியம்பட்டு. அப்பாவும் அம்மாவும் கழனிக் கூலி. நான் ஹெல்பராகச் சேர்ந்து, கம்பம் நட்டு, கம்பி இழுத்து, ஐந்து வருடத்தில் வயர்மேன் ஆனேன். கற்றுக்கொண்டது நிறைய. அதில் உயிர் காப்பது இரண்டே காரியம்தான். ஒன்று லைன் க்ளியர். வேலை செய்யப்போகும் லைனை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியாயிற்று என்று சப்‌ஸ்டேஷனில் இருப்பவர் சொல்ல, நேரத்தோடு எழுதிக்கொள்வது. இரண்டாவது எர்த் ராடு. நிறுத்திய லைனில் வேறு எந்த வழியாகவாவது மின்சாரம் வந்துவிட்டால் அது ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விட வேண்டும். அதற்காக, வேலை செய்யும் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியில் ராடை மாட்டி, அதன் ஒயரைத் தரையில் அடித்த முளையோடு இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் போதாது. இரண்டு பக்கமும் மாட்டாமல் யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது.

இதை எங்கள் மண்டையில் ஏற்றியவர் எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ. கோதண்டராமன் சார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு கேள்வியைக் கேட்பார். பதில் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்து முடித்துவிட்டு அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்பார். முதல் தடவை உளறுகிறவன் இரண்டாவது தடவை உண்மையைச் சொல்லிவிடுவான். வேட்டியோடு சைட்டுக்கு வரும் ஜே.இ. அவர் ஒருவர்தான். பாகூர் பக்கத்துச் சேற்றில் பேன்ட் எதற்கு என்பார்.

என்னோடு ஜோடியாக வேலை செய்தவன் சேவியர். என்னைவிட எட்டு வயது சின்னவன். பாகூர் பக்கத்துக் காலனி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் இருவரும் ஒரே கோயிலுக்குத்தான் போவோம். அவன் மனைவி செலின், தையல் கம்பெனியில் வேலை. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

ஒரு புயல் வந்தது. மணப்பட்டிலிருந்து கரியமாணிக்கம் வரைக்கும் எங்கள் பகுதியில் நேராக நிற்கிற கம்பத்தை எண்ணிவிடலாம். கரும்பு அத்தனையும் படுத்துவிட்டது. சேவியர் வீட்டுக் கூரை பறந்து, தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவனோ ஊருக்கு வெளிச்சம் கொடுக்க என்னோடு பதினோரு நாள் சுற்றினான். நின்றுகொண்டே சாப்பிட்டோம், வேனில் உட்கார்ந்தபடி தூங்கினோம்.

பன்னிரண்டாவது நாள் காலை, கரியமாணிக்கம் தாண்டிக் கழனிக்கு நடுவில் ஒரு ஹெச்.டி. லைன், உயர் அழுத்தக் கம்பி. லைன் க்ளியர் வாங்கிவிட்டேன். இந்தப் பக்கத்து ராடைச் சேவியர் மாட்டிவிட்டான். அந்தப் பக்கம் நான் போக வேண்டும். மூன்று கம்பம் தள்ளி, முழங்காலளவு தண்ணீரில், படுத்த கரும்புக்குள் நடக்க வேண்டும். ராடைத் தோளில் வைத்துக்கொண்டு முதல் கம்பம் வரை போனேன். கால் ஒரு குழியில் இறங்கியது. நின்றேன். லைன் செத்துக் கிடக்கிறது, நானே போன் பண்ணி நிறுத்தியிருக்கிறேன், ஐந்து நிமிட வேலை, எதற்கு என்று தோன்றியது.

கரும்புக்குள்ளிருந்தே கத்தினேன்: "போட்டாச்சுடா! ஏறு!"

அவன் ஏறினான்.

அந்தப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை இருந்தது. அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. லைனைத் துண்டிக்காமல் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்பக்கமாக ஏறி எங்கள் லைனுக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரு சத்தம்தான் கேட்டது, ஈரத் துணியைக் கல்லில் அறைவதுபோல. திரும்பிப் பார்த்தால் சேவியர் இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். வலது கையிலிருந்து புகை வந்தது.

அந்தப் பக்கம் ராடு போடாமல் நானும் ஏற முடியாது. ஓடினேன். எந்தத் தண்ணீரில் நடக்கச் சோம்பல்பட்டேனோ அதிலேயே விழுந்து எழுந்து ஓடி, ராடை மாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. நான்கே நிமிட வேலை. அதை இன்றைக்கு வரைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

ஏறி, கயிறு கட்டி அவனை இறக்கினேன். மூச்சு இல்லை. வரப்பில் கிடத்தி, மார்பில் கை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். பண்ணை ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ என் தோளைப் பிடித்து, "போதும் வுடுப்பா" என்றார். விடவில்லை. வேன் வருவதற்குள் ஒரு இழுப்பு இழுத்தான். உயிர் இருந்தது. கண் திறக்கவில்லை.

மறுநாள் கோதண்டராமன் சார் வாக்குமூலம் எழுதினார்.

"அந்தப் பக்கம் எர்த் யாரு போடணும்?"

நான் சொன்னேன்: "சேவியர் சார். ரெண்டு பக்கமும் போட்டுட்டேன்னு சொன்னான். நம்பிட்டேன்."

என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. பேச முடியாமல் படுத்திருப்பவன் மேல் போட்டுவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பக்கம் எர்த் யாரு போடணும், மரியதாசு?"

"சேவியர் சார்."

எழுதிக்கொண்டார். என் பொய் அப்படியே மேலே போனால் தப்பு சேவியருடையது என்று முடியும். பிழைத்து எழுந்தாலும் அவனுக்கு வேலை நிலைக்காது. இது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீக்காய வார்டுக்கு வெளியே வராந்தாவில் செலின் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள்.

"உக்காருங்கண்ணா. நான் முன்பாதி சொல்றேன், நீங்க பின்பாதி சொல்லுங்க. ஒரு கருத்துக்காகச் சொல்லணும்."

செபமாலை சொல்லும்போது எதற்காக வேண்டுகிறோமோ அதைத்தான் எங்கள் வழக்கில் கருத்து என்போம். "இன்னா கருத்தும்மா?" என்று கேட்டேன்.

"மனசுல கீது. வுடுங்க."

புருசன் உயிருக்காகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அருள் நிறைந்த மரியே செபத்தின் பின்பாதியில்தான் 'பாவிகளாகிய எங்களுக்காக' என்று வரும். ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று தடவை. அவள் முன்னால் உட்கார்ந்து ஐம்பத்து மூன்று தடவை நான் பாவி என்று சொன்னேன். வெறும் வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு அவளே போன் செய்தாள். "அண்ணா, வரலியா?" அவ்வளவுதான் கேட்டாள். போனேன். அதன் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. சாயங்காலம் ஐந்து மணி, அதே வராந்தா, ஐம்பத்து மூன்று தடவை.

அந்த நாட்களில் அவளுக்கு நேர்ந்தவற்றை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சேவியரின் வலது கையைத் தோளுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "இன்னைக்குத் துயர தேவ இரகசியம்ணா" என்று, ஆண்டவரின் பாடுகளை நினைத்துச் சொல்லும் பகுதியை ஆரம்பித்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஊரிலிருந்து போன் வந்தது. தார்ப்பாய் கிழிந்து வீட்டுக்குள் மழை கொட்டியது. கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் சொல்வாள், அழுவாள், மூக்கைச் சிந்துவாள். பிறகு மாலையை எடுப்பாள். ஒரு டாக்டர், "மூளைக்கு ரத்தம் போகாம இருந்துருக்கும்மா, மனசத் தயார் பண்ணிக்க" என்று சொன்ன அன்றைக்கும் எடுத்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இருபதாவது நாள் சேவியர் கண் திறந்தான். தொண்டையில் குழாய். பேச்சு இல்லை. ஆனால் செலினைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. வார்டே திரண்டு வந்து பார்த்தது. நான் வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டேன். சந்தோஷத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. குழாயை எடுத்தால் பேசிவிடுவான் என்ற பயம். அப்படிப்பட்டவனாக நான் இருந்தேன்.

"ஒன் கருத்து கேக்கப்பட்டுடுச்சும்மா," என்றேன்.

"அதுக்கு நன்றி சொல்லிட்டேன்ணா. இந்தக் கருத்து வேற. இன்னும் முடியல," என்றாள். ஐந்து மணிக்கு மறுபடியும் ஆரம்பித்தோம்.

அதற்கிடையில் திங்கட்கிழமைதோறும் கோதண்டராமன் சார் என்னைக் கூப்பிட்டார். "பைலு இன்னும் எங்கிட்டதான் கீது, மரியதாசு," என்பார். கண்ணாடியைத் துடைப்பார். அனுப்பிவிடுவார். நான் வெளியே வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்காருவேன்.

நாற்பத்தோராவது நாள். செலினுக்குக் காய்ச்சலில் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது. செபமாலையை என் கையில் வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க முன்பாதி சொல்லுங்கண்ணா. கருத்தும் நீங்களே வச்சுச் சொல்லுங்க. வாய் வுட்டுச் சொல்லுங்க."

சிலுவையடையாளம் போட்டேன். 'சேவியர் சீக்கிரம் குணமாகணும்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாற்பது நாளாகப் பாவி என்ற வார்த்தையைச் சொல்லிச் சொல்லி எனக்குள்ளே எதுவோ தேய்ந்துபோயிருந்தது போலிருக்கிறது. வேறு வார்த்தை வந்தது.

"அந்தப் பக்கம் ராடு போட வேண்டியவன் நான்தான், செலின். நான் போடல. போட்டேன்னு அவனுக்குப் பொய் சொன்னேன். அப்பறம் ஜே.இ. கிட்ட அவன் மேல பழியப் போட்டேன்."

சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். அறைவாள் என்று காத்திருந்தேன். கத்துவாள், வார்டு ஆட்கள் கூடிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"தெரியும்ணா," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்குக் காலைலதான் செல்லு டவர் வந்துச்சு. ஏறப்போறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணாரு. 'மரியண்ணன் அந்தப் பக்கம் ராடு போடப் போயிருக்காரு, போட்டதும் ஏறுவேன், மத்தியானம் வூட்டுக்கு வரேன்'னாரு. அவரு பேசிக்கினு இருக்கறப்பவே நீங்க கத்துனது கேட்டுச்சு. 'போட்டாச்சுடா, ஏறு'ன்னு. ஒங்க கொரலு எனக்குத் தெரியாதா? 'அண்ணன் போட்டாரு, வச்சிடறேன்'னாரு. அதான் அவரு எங்கிட்ட கடைசியாப் பேசுனது. மறுநாளு ஒங்க ஆபீசு ஆளுங்க வந்து, அவருதான் ராடு போடாம ஏறிட்டாருன்னு பேசிக்கிட்டாங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

காதில் இரைச்சல். வராந்தாவில் ஆட்கள் நடக்கிறார்கள், ஸ்ட்ரெச்சர் போகிறது, எதுவும் கேட்கவில்லை. அப்படியென்றால் முதல் நாளே தெரியும். நாற்பது நாளும் தெரியும். தெரிந்துகொண்டேதான் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தெரிந்துகொண்டேதான் "அண்ணா, வரலியா" என்று போன் செய்தாள்.

"ஏன் யாரு கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லணும்னுதான் மொத நாளு ஒக்காந்துருந்தேன். நீங்க வந்தீங்க. மூஞ்சப் பாத்தேன். நான் சொன்னா நீங்க இல்லேம்பீங்க. ஒரு தடவை இல்லேன்னுட்டா, சாவுற வரைக்கும் இல்லேன்னே சொல்லிக்கினு இருக்கணும். எங்க வூட்டுக்காரரு பொழைக்கலேன்னா, அந்தப் பொய்யோட நீங்களும் போயிட்ட மாதிரிதான். அதான் நீங்களா சொல்லணும்னு கேட்டுக்கினேன். அந்தக் கருத்துதான்."

"கோவம் இல்லியா செலின் ஒனக்கு?"

"இன்னா கேள்வி இது?" கட்டின தொண்டையில் அவள் குரல் கீறியது. "கோவம் இல்லாம? சில நாளு இந்த மணிய உருட்டறப்போ ஒங்க கழுத்துன்னு நெனச்சுக்கினுதான் உருட்டுனேன். அப்பிடியும் வுடாம சொன்னேன். இன்னா பண்றது, எனக்கு வேற எதுவும் தெரியாது. எந்திரிங்க, போயி அவருகிட்ட சொல்லுங்க. அப்பறம் ஆபீசுக்குப் போங்க."

கம்பியில் ஷாக் அடித்தால் தூக்கி எறியும். இது என்னை அசையவிடவில்லை. அவள்தான் என் கையிலிருந்து செபமாலையைப் பிரித்து எடுத்தாள். மணிகள் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

சேவியரின் கட்டிலருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பேச முடியாதே தவிர அவனுக்குக் காது நன்றாகக் கேட்டது. முடியும்வரை கேட்டான். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை ஆபீசில் கோதண்டராமன் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "உக்காரு. எழுது," என்று வெள்ளைத்தாளை நகர்த்தினார். எழுதி முடித்ததும், "நாப்பது நாளா எனக்கும் தூக்கமில்லைய்யா," என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எட்டு மாதம் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்பச் சேர்ந்தபோது பழைய ஹெல்பர் வேலைதான் கிடைத்தது. சொந்தப் பொறுப்பில் லைன் க்ளியர் வாங்கப் பல வருடம் விடவில்லை. அது நியாயம். சேவியர் மேல் தப்பில்லை என்று ஆனதால், குழாயை எடுத்துப் பேச்சும் வந்து அவன் எழுந்து நடந்ததும் புகார் போன் எடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். இடது கையால் எழுதப் பழகினான்.

என்னோடு மட்டும் அவன் பேசவில்லை. ஆறு வருடம். கோயிலில் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவான். எனக்கு அதைக் கேட்க உரிமையில்லை. செலினும் ஒரு தடவைகூட நடுவில் வந்து சமாதானம் பேசியதில்லை. என் மனைவி ரோசி ஒருநாள் அவளிடம், "ஏதாச்சும் சொல்லிப் பாரேன்" என்றாளாம். "அவருகிட்ட எதுக்குச் சொல்லணும்? சொல்ற எடத்துல சொல்லிக்கினுதான் இருக்கேன்," என்றாளாம் செலின். அதைக் கேட்டு ரோசிக்கும் எனக்கும் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அவள் எதற்காகவாவது மாலையை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வருடங்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே இருந்தாலும் செபமாலை சொன்னேன். கம்பத்தடியில், வேனில், தனியாக. முன்பாதியும் நானே, பின்பாதியும் நானே.

ஏழாவது வருடம் ஒரு சனிக்கிழமை காலை, ஒதியம்பட்டில் என் வீட்டு வாசலில் சேவியர் வந்து நின்றான். வலது சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தது.

"பையன் பொறந்துருக்கான். நாளைக்கு ஞானஸ்நானம்," என்றான்.

"கேள்விப்பட்டேன்."

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல. இன்னும் முழுசா முடியல எனக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவ வுட மாட்றா. சண்ட போட மாட்டா, ஒரு வார்த்த சொல்ல மாட்டா, தெனம் சாயங்காலம் ஒக்காந்துக்கினு மணிய உருட்றா. ஆறு வருசமா என் காது பக்கத்துலயே. போதும்பா சாமி. நீதான் ஞானத்தகப்பனா நிக்கணும்."

ஞானஸ்நானத்தில் பிள்ளைக்கு இரண்டாவது தகப்பனாகப் பொறுப்பேற்பவன்தான் ஞானத்தகப்பன். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரோசி உள்ளேயிருந்து ஓடி வந்து, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று என் நெஞ்சைத் தடவினாள். சேவியர் ஒரு நிமிடம் பார்த்தான். "பத்து மணிக்குப் பூசை. லேட்டா வராத," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். குழந்தை செலின் கையில் தூங்கிக்கொண்டிருந்தது. பங்குச்சாமியார் முதலில் அதன் நெற்றியில் சிலுவையடையாளம் வரைந்தார். பெற்றோரை வரையச் சொன்னார். செலின் வரைந்தாள். சேவியர் இடது கையால், கொஞ்சம் கோணலாக வரைந்தான்.

"ஞானத்தகப்பன்," என்றார் சாமியார்.

என் வலது கை எழவில்லை. மரத்துப்போனதுபோல உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சாமியார் மறுபடியும் கூப்பிட்டார். செலின் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது.

சேவியர் தன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னைத் தொட்டான். பிடி வலித்தது. என் கையைத் தூக்கிக்கொண்டு போய், தன் மகனின் நெற்றியில் வைத்தான். நெற்றி சூடாக இருந்தது.

"போடுண்ணா," என்றான்.